ஒட்டுத்தாளுக்கு அடியில்

பிப்ரவரி 9, வெள்ளி

தண்ணீர் மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது. மெக்கானிக் நாளை வருவதாகச் சொன்னார். நேற்றும் அதையேதான் சொன்னார். நான்கு குடம் நானே இறைத்துத் தூக்கினேன். மொகுதூம் மச்சான் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "டாக்டர் பட்டம் வாங்கின கைக்கு இந்த வேலையெல்லாம் வருமா மாப்பிள்ளை" என்றார். என் மனைவி சுலைஹாவின் அண்ணன், ஊர் ஜமாஅத் செயலாளர். ஓடக்கரை வழக்கப்படி கல்யாணமான ஆண் பெண்வீட்டில் குடியிருக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக நான் குடியிருக்கும் அறைக்கு இன்றும் மாப்பிள்ளை அறை என்றுதான் பெயர். என் பெயர் உவைஸ்.

ஜும்ஆ தொழுகைக்குப் போனேன். மிஃராஜ் இரவுக்கு அடுத்த வெள்ளி என்பதால், தொழுகை நடத்தும் மூசா லெப்பை பழைய கிதாபை எடுத்து குத்பா பிரசங்கம் ஓதினார். அந்தக் கையெழுத்துப் புத்தகம் வருடத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகள்தான் பெட்டியை விட்டு வெளியே வரும். இன்று ஒன்று, நோன்பின் கடைசி வெள்ளி இன்னொன்று. முழுக்க அரபி. பள்ளிவாசலில் ஐநூறு பேர் உட்கார்ந்திருந்தால் அர்த்தம் புரிகிறவர் ஐந்து பேர் இருப்பார்கள். முடிவில் வரும் துஆவில், பிரார்த்தனையில், "இரு நிலங்களின் சுல்தான், இரு கடல்களின் மன்னர்" என்று அப்துல் ஹமீது பெயர் வருகிறது. துருக்கி சுல்தான். அவர் பதவி இழந்து நூற்றுப் பதினைந்து வருடம், இறந்து நூற்றாறு வருடம். அவர் வகித்த கலீபா, அதாவது உலக முஸ்லிம்களின் தலைவர், என்ற பதவியையே எடுத்துவிட்டு நூறு வருடம் ஆகிறது. அவருடைய படைகளுக்கு வெற்றி வேண்டி ஓடக்கரை இன்றும் ஆமீன் சொன்னது. கிதாபில் இருப்பதை மாற்ற யாருக்கும் கை வரவில்லை.

வெளியே வரும்போது லெப்பை எனக்கு சலாம் சொல்லிவிட்டு, எப்போதும்போல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்தார். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். அவருடைய வாப்பா லெப்பையாக இருந்தபோது என் ஆராய்ச்சிக்காக ஆறு மாதம் அந்தக் கிதாபைப் பார்த்தேன். அதிலிருந்து மகனுக்கு என் மேல் ஏதோ இளக்காரம்.

ஹஜ் குலுக்கலில் அவர் பெயர் விழுந்திருக்கிறதாம். மே மாதம் பயணம். முப்பது வருட ஆசை என்று சுலைஹா சொன்னாள்.

பிப்ரவரி 10, சனி

கெப்பாசிட்டர் போயிருந்தது. மாற்றியாயிற்று.

பிப்ரவரி 14, புதன்

வெள்ளிக்கிழமை குத்பாவை யாரோ செல்போனில் எடுத்திருக்கிறார்கள். நேற்று மாலை ஒரு டிவி அதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. கடலோர ஊரில் கலீபாவின் படைகளுக்குப் பிரார்த்தனை, உலகளாவிய வலையின் ஒரு முனை ஓடக்கரையில், என்றெல்லாம் கீழே எழுத்து ஓடியது. அரபி தெரிந்த ஒருவரை உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் சரியாகவே மொழிபெயர்த்தார். அந்த சுல்தான் எந்தக் காலத்து ஆள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

பிறகு திரையில் என் புத்தகத்தின் அட்டை வந்தது: 'கலீபாவின் குடிகள்: ஓடக்கரையின் நானூறு ஆண்டுகள்.' என் முனைவர் பட்ட ஆய்வு, நூலாக வந்து இருபது வருடம். நிகழ்ச்சி நடத்தியவர், "இதைச் சொல்வது நாங்கள் இல்லை, அந்த ஊரின் பேராசிரியர்" என்றார்.

என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். பேராசிரியர் என்றும் போட்டிருந்தார்கள். கல்லூரியில் நான் இன்னும் இணைப் பேராசிரியர்தான். எனக்குப் பின்னால் சேர்ந்த தேவசகாயம் துறைத் தலைவர். மார்ச் 22 அன்று பதவி உயர்வு நேர்காணல் இருக்கிறது. அதற்கு நான் காட்டப்போகும் பெரிய நூல் இதுதான். தேவசகாயம் போன் செய்து, "சார், டிவியில எல்லாம் வர்றீங்க" என்றார். அவர் குரலில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

நிகழ்ச்சியை இரண்டு முறை பார்த்தேன். என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

பிப்ரவரி 16, வெள்ளி

மூசா லெப்பையை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். காலை பத்து மணிக்குப் போனவர் மாலை அஸர் தொழுகைக்குத்தான் திரும்பினார். மரியாதையாகத்தான் நடத்தினார்களாம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாத இறுதிக்குள் அதை ஹஜ் கமிட்டியில் கொடுக்க வேண்டுமாம். அடுத்த மாத இறுதியோ, சரியாகத் தெரியவில்லை. ஜும்ஆவை வேறொருவர் நடத்தினார். குத்பா ஏழு நிமிடம்.

மொகுதூம் மச்சான் மதுரையில் ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறார். எல்லாரையும்விட அதிகம் பதறுகிறவர் அவர்தான்.

பிப்ரவரி 17, சனி

மச்சான் ஏன் பதறுகிறார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வீட்டுக்கு ஊரில் துருக்கி வீடு என்று பெயர். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு பதக்கம் இருக்கிறது. மச்சானின் பாட்டனாருடைய வாப்பா அகமது நெய்னா மரைக்காயர், மதீனாவுக்கு ரயில்பாதை போட சுல்தான் உலகம் முழுக்க நன்கொடை கேட்டபோது அனுப்பியதற்கு வந்த பதக்கம். அவர் பம்பாயில் தொழில் செய்தவர், உருதுப் பத்திரிகைகள் வரவழைத்தவர். ஊரில் முதல் துருக்கித் தொப்பி அவர் தலையில்தான் ஏறியது. அவருக்கு முன்னாலும் இந்த ஊரும் இந்தக் குடும்பமும் காலங்காலமாக கலீபாவோடு தொடர்புள்ளவை என்பது இந்த வீட்டின் நம்பிக்கை. நான் மாப்பிள்ளையாக வந்தபோது மாமா, சுலைஹாவின் வாப்பா, என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அதை எழுதவேண்டும்.

எழுதினேன். வெளியீட்டு விழாவில் மாமா எனக்குச் சால்வை போர்த்தினார். அன்று ஒருநாள் மொகுதூம் மச்சான் எனக்காக எழுந்து நின்றார்.

பிப்ரவரி 21, புதன்

எழுபத்திரண்டு விடைத்தாள் திருத்தினேன். 'பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அகில இஸ்லாமியம் என்ற கருத்து' என்பது பத்து மதிப்பெண் கேள்வி. ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "உலக முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே உடல், ஒரே தலைவரின் சொல்லுக்கு எழுவார்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகள் பயந்தார்கள். அதைப் பத்திரிகையில் படித்த முஸ்லிம்கள் தாங்கள் அவ்வளவு பெரியவர்களா என்று சந்தோஷப்பட்டார்கள்."

பாடப்புத்தகத்தில் இப்படி இல்லை. நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. எட்டு போட்டு, பிறகு ஒன்பது ஆக்கினேன்.

ஆப்பிரிக்காவிலும் ஜாவாவிலும் மலபாரிலும் வெவ்வேறு விதமாக வாழ்ந்தவர்களை ஒரே பெயர் போட்டு ஒரே கோப்பில் கட்டிய வேலையைப் பாதி நீராவிக் கப்பலும் தந்தியும் செய்தன. மீதியைச் செய்தது பயம். பிறகு நம்மவர்களும் அந்தக் கோப்பைத் திறந்து, உள்ளே தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இதை ஒரு கட்டுரையாக எழுதியிருக்கலாம்.

பிப்ரவரி 26, திங்கள்

லெப்பைக்கு மூன்றாவது விசாரணை. யார் எழுதிய கிதாபு என்று கேட்டால் முன்னோர் எழுதியது என்கிறாராம். அந்தப் பெயர் எப்போதிருந்து அதில் இருக்கிறது என்றால், "உவைஸ் சார் எழுதியிருக்காங்க, அவங்களுக்குத்தான் தெரியும்" என்கிறாராம். வேண்டுமென்றே என்னை மாட்டிவிடுகிறார் என்று மச்சானிடம் சொன்னேன். மச்சான், "நீங்க ஒரு கடிதம் குடுங்க மாப்பிள்ளை. இது சும்மா பழைய வழக்கம், அர்த்தம் ஒண்ணுமில்லேன்னு" என்றார். நானூறு வருடத் தொடர்பு என்று எழுதிய கையால், அர்த்தமில்லை என்றும் எழுத வேண்டும்.

பழைய காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

மார்ச் 2, சனி

பழைய காகிதங்களைத் தேடினேன். கிடைக்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

மாடி அறையிலும் தேடினேன். கரையான். கிடைக்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

கல்லூரியில் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். தும்மல். டி.எஸ்.பி. அலுவலகத்திலிருந்து போன்: பதின்மூன்றாம் தேதி வந்து சாட்சி சொல்லமுடியுமா என்று கேட்டார்கள். பல்லுக்கு மருத்துவரிடம் போக வேண்டியிருக்கிறது என்றேன். எத்தனை மணிக்கு என்றார்கள். மதியம் மூன்று என்றேன். அப்படியானால் காலை பதினொன்றுக்கு வாருங்கள் என்றார்கள்.

மார்ச் 8, வெள்ளி

எதைத் தேடுகிறேன் என்று எழுதி வைக்கிறேன். இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை.

கிதாபில் சுல்தானின் பெயர் உள்ள இரண்டு வரி, தனியாக ஒரு தாள்துண்டில் எழுதி ஒட்டப்பட்டது. கஞ்சிப்பசை. ஆய்வின் மூன்றாவது மாதம் விளக்குக்கு நேராகப் பிடித்தபோது தெரிந்தது. அடியிலும் ஒரு வரி இருந்தது. மசி மங்கவில்லை, வலமிருந்து இடமாகச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தது. லெப்பையின் வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து சென்னை ஆவணக் காப்பகத்தில் 1897 ஜூன் தேதியிட்ட ஓர் அறிக்கை கிடைத்தது. துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் போர் முடிந்த நேரம். கடலோர முகம்மதியர் சுல்தானுக்கு எந்த அளவு விசுவாசமாக இருக்கிறார்கள் என்று அன்றைய கலெக்டர் கேட்டிருக்கிறார். தாசில்தார் ஓடக்கரைக்கு நேரில் வந்து கிதாபைத் திறக்கச் சொல்லி, அரபி தெரிந்த ஒரு முன்ஷியைக் கொண்டு படிக்கவைத்து, பதில் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் நாலே வாக்கியம். எனக்கு மனப்பாடம்:

"இவ்வூர் முகம்மதியரின் பிரார்த்தனையில் சுல்தான் பெயர் எதுவும் இல்லை. இந்தக் கரையில் தங்களை அச்சமின்றி வாழவிடுகிறவர் யாரோ அவருக்காக வேண்டுகிறார்கள். சுல்தானின் பெயர் என்ன என்று அகமது நெய்னா என்ற வியாபாரி என்னைக் கேட்டார். கூறினேன்."

அந்த அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்தேன். ஆய்வில் சேர்க்கவில்லை. நானூறு வருடம் என்றால் புத்தகம். பெயர் சொல்லிக் கொடுத்தது தாசில்தார் என்றால், அது ஓர் அடிக்குறிப்புக்குக்கூடப் போதாது என்று அப்போது நினைத்தேன்.

அப்போது அப்படித்தான் நினைத்தேனா என்று தெரியவில்லை. மாமா வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்திருந்தார்.

மார்ச் 10, ஞாயிறு

மூசா லெப்பை வீட்டுக்குப் போனேன். பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறை. வாசலில் ஹஜ்ஜுக்கு வாங்கிய புதுச் செருப்பு அட்டைப்பெட்டியோடு இருந்தது. அவர் மனைவி தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

விசாரணையில் என்னை ஏன் இழுத்துவிடுகிறார் என்று கேட்கத்தான் போனேன். கேட்டேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் வேற என்னத்த சார் சொல்ல? ஒட்டியிருக்குன்னு சொல்லட்டுமா?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"வாப்பா காட்டியிருக்காங்க. வெளக்குக்கு நேரா புடிச்சா தெரியும். நீங்களும் அப்படித்தான் புடிச்சுப் பாத்தீங்கன்னு சொன்னாங்க."

போலீஸிடம் அதைச் சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்குமே என்றேன்.

"முடிஞ்சிருக்கும். ஒங்க பொஸ்தகம் பொய்யின்னும் ஆயிருக்கும். ஒங்களுக்கு இன்டர்வியூ இருக்குன்னு பள்ளியில பேசிக்கிட்டாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அடியில் இருப்பது தெரிந்தும் ஏன் தகப்பனும் மகனும் மேலே இருப்பதையே ஓதினீர்கள் என்று கேட்டேன். ஒட்டியவர் வீட்டு ஆட்கள் முதல் வரிசையில் உட்காருவார்கள் என்றார். பிறகு கொஞ்சம் சிரித்து, "மவுத்தாகி மண்ணுக்குப் போனவருக்கு ஒரு துஆ கேட்டா என்ன குத்தம்னு வாப்பா சொல்லுவாங்க" என்றார்.

எழுந்து வாசல்வரை வந்த பிறகு கேட்டேன், இத்தனை வருடமாக என் முகத்தைப் பார்க்காமல் போகிறீர்களே, ஏன் என்று.

"பாத்தா நீங்க கண்ணத் திருப்பிக்கிடுவீங்க சார். அதான் நான் முந்திக்கிட்டேன்."

மார்ச் 11, திங்கள்

நாளை நோன்பு. சுலைஹா நோன்புக் கஞ்சிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் மாடியிலிருந்து இறங்கினேன். "இன்னுமா தேடுறீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். கையைத் தட்டிவிட்டு எழுந்து போய், பீரோவில் தன் கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். ஜெராக்ஸ்.

"நீங்கதானே வைக்கச் சொன்னீங்க. வெளியீட்டு விழாவுக்கு மொதநாள்" என்றாள். பிறகு போய் அரிசி புடைத்தாள்.

மார்ச் 13, புதன்

டி.எஸ்.பி. ஒரு பெண், பெயர் பூரணி. முப்பத்தைந்து வயதிருக்கும். என் புத்தகம் மேசைமேல் இருந்தது. பல இடங்களில் மஞ்சள் சீட்டு. யாரோ அதை முழுக்கப் படித்திருக்கிறார்கள் என்று தெரிவது இருபது வருடத்தில் இதுதான் முதல் முறை.

ஜெராக்ஸைக் கொடுத்தேன். ஒட்டுத்தாளைப் பற்றிச் சொன்னேன். கிதாபை எடுத்துவந்து விளக்குக்கு நேராகப் பிடித்தால் யாரும் பார்க்கலாம் என்றேன். அவர் அறிக்கையை மெதுவாக, இரண்டு முறை படித்தார்.

"அப்ப இவங்களுக்கு சுல்தான் பேரைச் சொல்லிக் குடுத்ததே தாசில்தார்தானா?"

ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் சிரித்துவிட்டார். டி.எஸ்.பி. சிரிக்கவில்லை.

"கேட்கப் போன ஆளு சொல்லிட்டு வந்திருக்காரு" என்றார். பிறகு என் புத்தகத்தைப் புரட்டினார். "இந்த அறிக்கை உங்க புஸ்தகத்துல இல்லையே சார்."

"இல்லை."

"விட்டுப்போச்சா, விட்டீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே, விபத்தில் பிடித்த பைக்குகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். விட்டுப்போயிற்று என்று சொல்லியிருந்தால் அதையும் எழுதிக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. லெப்பையின் பாஸ்போர்ட் அதற்கும் கிடைத்திருக்கும்.

"தெரிந்துதான் விட்டேன்" என்றேன்.

ரைட்டர் எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். இரண்டு பக்கம்.

மூன்று மணிக்குப் பல் மருத்துவரிடம் போனேன். நோன்பு என்று சொன்னதும் ஊசி போடாமல் அனுப்பிவிட்டார்.

மார்ச் 16, சனி

போலீஸில் என்ன சொன்னேன் என்பது ஊருக்கு எட்டிவிட்டது. நோன்பு திறந்த பிறகு மொகுதூம் மச்சான் மாப்பிள்ளை அறைக்கு வந்தார். இந்த அறைக்குள் அவர் வந்து பல வருடம். உட்காரவில்லை.

"எங்க பூட்டனாரு பொய்யா?" என்றார்.

பொய்யில்லை என்றேன். ஒருவருக்கு ஒரு பெரிய பெயர் கிடைத்தது, ஊருக்குக் கொண்டுவந்தார். இந்தக் கடற்கரைக்கு அப்பால் நம்மையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும், சந்தோஷமாக இருந்திருக்கும். பதக்கமும் உண்மைதான், நன்கொடையும் உண்மைதான். நானூறு வருடம் மட்டும் என்னுடையது.

"எங்க வாப்பாவுக்காக எழுதினேன்னு சொல்லிக் கையக் கழுவிக்கிட்டியா?"

இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக ஒருமையில் பேசினார். இல்லை, அப்படிச் சொல்லவில்லை என்றேன். வாக்குமூலத்தில் மாமாவின் பெயர் எங்கும் இல்லை. அவர் நம்பினாரா தெரியவில்லை. போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மார்ச் 19, செவ்வாய்

குடிக்கிற தண்ணீர் கேன் வரவில்லை. கடையில் போய் எடுத்துவந்தேன்.

மார்ச் 22, வெள்ளி

நேர்காணல். போவதற்கு முன்னால் நூல்களின் பட்டியலிலிருந்து 'கலீபாவின் குடிக'ளை அடித்துவிட்டேன். மிச்சம் இரண்டு கட்டுரை. குழுத் தலைவர் பட்டியலைத் திருப்பிப் பார்த்து, மறுபக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். ஏழு நிமிடத்தில் முடிந்தது. பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பட்டத்தைப் பற்றி அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

தேவசகாயம் வராந்தாவில் நின்றிருந்தார். "நல்லா போச்சா சார்?" என்றார். இந்த முறை அவர் குரலில் ஒன்றும் இல்லை. ஒருவேளை முன்பும் இல்லையோ என்னவோ.

மார்ச் 27, புதன்

லெப்பைக்கு பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்துவிட்டது. நாளைக்கே ஹஜ் கமிட்டிக்கு அனுப்பிவிடுவார்களாம். டிவியில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

நோன்பின் கடைசி வெள்ளி. கிதாபு வெளியே வரும் நாள். பதினோரு மணிக்கே லெப்பை ஆள் அனுப்பியிருந்தார். போனால் மொகுதூம் மச்சானும் இருந்தார். ஜமாஅத்தில் மூன்று நாள் பேசி, ஒட்டுத்தாளை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்களாம். யார் எடுப்பது என்பதைப் பேசவில்லை.

லெப்பை ஒரு வெள்ளைத்துணியை நனைத்துப் பிழிந்து ஒட்டுத்தாளின் மேல் வைத்தார். கால் மணிநேரம் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். கிழியாமல் முழுசாக வந்தது. விசிறியடியில் காயவைத்து, ஒரு கவரில் போட்டு மச்சானிடம் நீட்டினார்.

"ஒங்க வீட்டுப் பொருள், ஹாஜியார்."

மச்சான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுந்துபோய் முதல் வரிசையில் அவருடைய இடத்தில் உட்கார்ந்தார். நான் தூணுக்குப் பக்கத்தில்.

கூட்டம் அதிகம். குத்பாவின் முடிவில் துஆ வந்தது. லெப்பை அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினார். பிறகு நூற்றிருபத்தேழு வருடமாக யாரும் சத்தமாக வாசிக்காத வரியை வாசித்தார்: இந்தக் கரையில் எங்களை அச்சமின்றி வாழவிடுகிறவர் யாரோ, அவருக்கு.

ஆமீன் என்றார்கள் எல்லாரும். அப்துல் ஹமீதுக்குச் சொன்ன அதே சத்தம்தான். வித்தியாசம் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்திருப்போம். மச்சானின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவரும் கை ஏந்தியிருந்தார்.

தொழுகை முடிந்து வெளியே வந்தேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மூசா லெப்பை வந்து சலாம் சொன்னார். இந்த முறை அவர் முந்திக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கஷ்டமாகத்தான் இருந்தது. பதில் சலாம் சொல்லி முடிக்கும்வரை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.